லிஃப்ட்காரரின் மண்ணீரல்

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் லிஃப்ட்காரருக்கு முதன்முதலாக மண்ணீரல் வீங்கியது இறுதியாண்டு மாணவர்களின் செய்முறைத் தேர்வன்று, கேட்டுக்கொண்டதற்கு இணங்க. சாப்பாட்டு வேளைக்குள் அது பழைய அளவுக்கு வந்துவிட்டது. வலியில்லை, காய்ச்சலில்லை. அவர் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, கலைந்திருந்த முடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, மறுபடி லிஃப்டுக்குப் போய் நின்றார். அதுவரை படியேறிக் களைத்திருந்த இரண்டு பேர் எங்கே போயிருந்தீர்கள் என்று அவரிடம் சண்டைக்கு வந்தார்கள். மண்ணீரல் வீங்கியிருந்தது என்று அவர் உண்மையைச் சொன்னார். அவர்கள் அதை நம்பவில்லை.

நடந்தது இதுதான். செய்முறைத் தேர்வுக்கு மாணவர்கள் மட்டும் வந்தால் போதாது, நோயாளிகளும் வர வேண்டும். அதுவும் தொட்டால் கைக்குத் தட்டுப்படும்படி எதையாவது உடம்பில் வைத்திருக்கும் நோயாளிகள். மூன்றாம் எண் கட்டிலுக்கென்று பேசி வைத்திருந்தவர் பெரிய மண்ணீரல் ஒன்றுக்குச் சொந்தக்காரர். தேர்வுக்கு முந்தைய நாட்களில், 'லேசாத் தொட்டுப் பாத்துக்கறேன்' என்று வரிசையாக வந்த மாணவர்கள் அவர் வயிற்றை அமுக்கு அமுக்கென்று அமுக்கியதில் மனிதர் வெறுத்துப்போய், மண்ணீரலோடு சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வெளியூர்த் தேர்வாளர்கள் டீ குடித்து முடிக்கப் போகிறார்கள், கட்டில் காலி. பொது மருத்துவப் பேராசிரியர் வார்டுக்கு வெளியே நடைக்கு ஓடி வந்தார். கீழ்த்தளத்தில் பேசினால் மேல்தளத்து நர்ஸுகள் எழுந்து நிற்கும்படியான குரல் அந்த அம்மாளுக்கு. அவர் கத்த வாயெடுத்த நேரத்தில் லிஃப்ட் திறந்தது. உள்ளே லிஃப்ட்காரர். கொஞ்ச நேரம் அந்தக் கட்டிலில் படுத்திருக்க முடியுமா, நோயே இல்லாத ஆள் என்று ஒரு கேஸ் வைத்துக்கொள்கிறோம் என்று பேராசிரியர் கேட்டார். "அதுக்கென்ன, படுத்தாப் போச்சு" என்றார் லிஃப்ட்காரர்.

அந்த 'அதுக்கென்ன'தான் அவருடைய பெயராகவே ஆகியிருந்தது. கீழே போகும் லிஃப்டில் ஒருவர் ஏறி மேலே போகணும் என்றால் அதுக்கென்ன என்று மேலே போவார். உள்ளே இருக்கும் மற்றவர்கள் முனகினால், அவர்களுக்கும் ஓர் அதுக்கென்ன சொல்லி நடுவில் ஒரு மாடியில் நிறுத்துவார். வீட்டுக் குடை, ஏணி, சைக்கிள் மூன்றும் தெருவுக்குப் பொது. இந்த மனிதர் கையில் குடும்பத்தை விட்டால் கதவைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவார் என்பது அவர் மனைவிக்குக் கல்யாணமான வாரமே தெரிந்துபோனது. அந்த அம்மாள் சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவர். கை மட்டும் நுழையும் ஓட்டை வழியாக நாள் முழுக்க 'இல்லை, ஹவுஸ்ஃபுல்' என்று சொல்லிப் பழகியவர். ஆகவே அந்த வீட்டில் சொல்ல வேண்டிய 'முடியாது'களையெல்லாம் புருஷன் பங்குக்கும் சேர்த்து அவரே சொல்லி வந்தார். அக்கம்பக்கத்தார் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: மேட்னி ஷோ ஓடும் நேரமாகப் பார்த்து ஏணி கேட்க வந்தார்கள்.

மூன்றாம் எண் கட்டிலுக்கு முதலில் வந்த மாணவனுக்கு ஆள் மாறிய விஷயம் தெரியாது. மூணாம் நம்பர் மண்ணீரல் என்று அவன் காதில் விழுந்திருந்தது, அதை நம்பித்தான் காலையில் தைரியமாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். லிஃப்ட்காரரின் வயிற்றில் கைவைத்து, மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னான். அவர் இழுத்தார். இடது விலாவுக்கு அடியிலிருந்து மண்ணீரல் இறங்கி வந்து அவன் விரல்களைத் தொட்டது. பையன் சொன்னதைக் கேட்ட பேராசிரியர், இவன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, முறைக்காகத் தாமும் கைவைத்துப் பார்த்தார். மண்ணீரல் இருந்தது. ஓரத்தில் மண்ணீரலுக்கே உரிய பள்ளம் இருந்தது. அதற்கும் விலாவுக்கும் நடுவே விரல் நுழையவில்லை. மூச்சுக்கு மூச்சு அது வலது இடுப்பைப் பார்த்து இறங்கி வந்தது. அடுத்து வந்த மாணவி மூணாம் நம்பர் கல்லீரல் என்று தவறாகக் கேள்விப்பட்டிருந்தாள். அவள் கைவைத்ததும் மண்ணீரல் மரியாதையாக உள்ளே போக, வலப்பக்கம் கல்லீரல் இரண்டு விரல்கடை இறங்கியது. மூன்றாமவன் ஒன்றும் தெரியாதவன். நெஞ்சில் எதையாவது சொல்லித் தொலைக்கலாம் என்று ஸ்டெதஸ்கோப்பை வைத்தான். இதயம் அவனுக்காக ஒரு முணுமுணுப்புச் சத்தத்தைச் சேர்த்துக்கொண்டு துடித்தது. லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்துச் சிரித்தபடி படுத்திருந்தார். அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அவர் வயிற்றில் வேலை இருந்தது.

பேராசிரியர் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவர் அல்ல. அன்று பிற்பகலே லிஃப்ட்காரரைத் தனியாகப் படுக்கவைத்து, மனத்தில் ஒவ்வொரு நோயாக நினைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தார். நினைத்ததெல்லாம் இருந்தது. எதிர்பார்ப்பு இல்லாமல் தொட முயன்றார். ஆனால் இருபது வருஷம் மருத்துவம் பார்த்த கைக்கு அது வரவில்லை. கடைசியில் அந்த உடம்பைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: வந்தவர் ஏமாந்து போகக்கூடாது என்று நினைக்கும் உடம்பு அது. இதை எந்த ஆராய்ச்சிப் பத்திரிகையும் போடாது என்பதால் அவர் எழுதவில்லை. தேர்வுக்கு நோயாளி பிடிப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்பது தெரிந்ததால் அதன்பிறகு ஒவ்வொரு தேர்வுக்கும் லிஃப்ட்காரரையே கூப்பிட்டார். அந்த நாட்களில் லிஃப்டின் கம்பிக் கதவில் 'படியைப் பயன்படுத்தவும்' என்ற அட்டை தொங்கும்.

இளைய மாணவர்களின் உடற்கூறு வகுப்புக்கும் அவர் போய்வந்தார். தோலுக்கு மேலே இருக்கும் அடையாளங்களை வைத்து உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பாடம் அது. காரை எலும்பின் நடுவிலிருந்து ஒரு கோடு இறக்கு, விலா எலும்புகளை மேலிருந்து எண்ணு, ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடையே இதயத்தின் நுனி தட்டும் என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, மாணவர்கள் நீல மையால் அவர் மேல் வரைவார்கள். விலாவை எண்ணத் தெரியாதவர்களுக்கும் அவரிடம் குறையில்லை. எவனோ ஒருவன் நுரையீரலின் அடி விளிம்பை இரண்டு விலா கீழே வரைந்தான். நுரையீரல் இறங்கி வந்து கோட்டில் நின்றது. தட்டிப் பார்த்தால் அதுவரைக்கும் கணீரென்று கேட்டது, அதற்குக் கீழே மொத்தென்றது. இன்னொருத்தி கைமாறிப்போய்க் கல்லீரலை இடப்பக்கம் வரைந்துவிட்டாள். மணியடித்துவிட்டதால் யாரும் அழிக்கவில்லை. அவர் அப்படியே வீட்டுக்குப் போய், வழக்கத்துக்கு மாறாக மறுபக்கம் திரும்பிப் படுத்தார். மனைவி காரணம் கேட்டார். விஷயம் தெரிந்ததும் ஈரத்துணியை எடுத்து வந்து அழுத்தித் தேய்த்து மையைத் துடைத்தார். கல்லீரல் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. "யாராவது கேட்டா இதயத்தைக்கூடக் கழட்டிக் குடுத்துட்டு வந்து நிப்பீங்க" என்றார் அந்த அம்மாள். லிஃப்ட்காரர் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டார். அவர் அதை யோசித்துப் பார்க்கிறார் என்று தெரிந்து அம்மாள் அவர் சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரைக்கும் போட்டுவிட்டார்.

கல்லூரியில் தேர்ச்சி விகிதம் ஏறியது. மூன்றாம் எண் கட்டில் யாருக்கு விழுகிறதோ அவன் பாடு கொண்டாட்டம் என்றார்கள். அந்தக் கட்டில் கிடைத்தும் தோற்றவள் ஒரே ஒருத்திதான், அவளும் இரண்டு தடவை. வகுப்பில் அவளுக்கு 'ஒண்ணுமில்லை' என்று பெயர். அவள் கட்டிலுக்கு வலப்பக்கம் வந்து நிற்பாள், குளிர்ந்த கை படக்கூடாதென்று உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள், ஆரம்பிக்கலாமா என்று கேட்பாள், பிறகு நிதானமாக, கடன்காரனுக்குக்கூடக் கோபம் வராத நிதானத்தில், மேலிருந்து கீழே வரை பார்ப்பாள். மண்ணீரலா கல்லீரலா என்று வெளியே என்ன பேசிக்கொண்டாலும் அவள் மண்டையில் ஏறாது. அவள் எதையும் தேடாததால் லிஃப்ட்காரரின் உடம்புக்கும் எதைக் கொடுப்பதென்று தெரியாது, சும்மா இருக்கும். "ஒண்ணுமில்ல மேடம், நல்லா இருக்காரு" என்பாள். சற்றுமுன்தான் அங்கே மண்ணீரலைத் தொட்டிருந்த தேர்வாளர்கள் மறுபடி கைவைத்துப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அது கிடைக்கும். அவளுக்கு முட்டை கிடைக்கும்.

முதல் தடவை தோற்றபோது லிஃப்ட்காரர்தான் அவளைக் கீழே கொண்டுபோய் விட்டார். அவருக்கு மனசே ஆறவில்லை. வாழ்க்கையில் அவரிடம் வந்து வெறுங்கையோடு போனது அவள் மட்டும்தான். அடுத்த தடவை வரும்போது என்ன வேணுமென்று கொஞ்சம் நினைத்துக்கொண்டு வரும்படியும், மற்றதைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். நினைத்துக்கொண்டு வந்தால் எதற்குத் தொட்டுப் பார்ப்பது என்று அவள் கேட்டாள். அவருக்கு அது விளங்கவில்லை, இருந்தாலும் அதுக்கென்ன என்றார். இரண்டாம் தடவையும் அவள் தோற்றாள். அதற்குள் அவர்கள் நல்ல சிநேகிதமாகியிருந்தார்கள். மதியத்தில் லிஃப்டுக்குள்ளிருந்த முக்காலியில் உட்கார்ந்து அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். மேலும் கீழுமாகப் போய்வந்தபடி அவள் சாப்பிட்டு முடிப்பாள். அவர் அவளை டாக்டரம்மா என்று கூப்பிடுவார். மற்றவர்கள் அப்படிக் கூப்பிட்டால் அவளுக்குக் கேலியாகப் படும், அவர் சொன்னால் படாது.

மழைக்காலம் தொடங்கியதும் லிஃப்ட்காரருக்குக் காய்ச்சல் வந்தது. இது யாரும் கேட்டு வந்ததல்ல. வேலை நேரத்தில் ஒருநாளும் உட்காராதவர் அன்று முக்காலியில் உட்கார்ந்தார். இரண்டாம் மாடி போகணும் என்றவரை நான்காம் மாடிக்குக் கொண்டுபோனார். அவரை உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். நெஞ்சு மருத்துவர் வந்து முதுகில் தட்டிப் பார்த்தார். வலது நுரையீரலின் அடியில் மொத்தென்று கேட்டது, நீர் கோத்திருக்கிறது என்றார். கல்லீரல் மருத்துவர் வந்தார். கல்லீரல் எழுந்து வந்து வரவேற்றது. இதய மருத்துவருக்கு முணுமுணுப்பு கேட்டது. சிறுநீரக மருத்துவர் இரண்டு கைகளுக்கு நடுவே இடது சிறுநீரகத்தைப் பிடித்துக்காட்டிவிட்டு, மற்றவர்களை இரக்கத்தோடு பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். அதுவும் லிஃப்ட்காரருடைய எக்ஸ்ரேதானே, சீட்டில் எந்த நோயை எழுதி அனுப்பினார்களோ அதைக் காட்டியது. ரத்தப் பரிசோதனை மட்டும் உள்ளே எங்கேயோ சீழ் பிடித்திருக்கிறது என்றது. எங்கே என்று சொல்ல அதற்குத் தெரியாது.

நன்றாக இருந்த காலத்தில் அந்த உடம்பு எதை வேண்டுமானாலும் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டது. இப்போது அதற்குத் தெம்பில்லை. ஒவ்வொரு மருத்துவரும் வந்து தமக்கு வேண்டியதைக் கண்டுபிடித்துவிட்டுப் போகப்போக, அவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்தார். மல்லாக்கப் படுத்து வலது முழங்காலை மடித்து வைத்திருப்பார். வருகிற மருத்துவர் காலை நீட்டச் சொல்வார். 'அதுக்கென்ன' என்று நீட்டுவார். அவர்கள் திரை தாண்டிப் போனதும் முழங்கால் தானாக மேலே எழும்பிவிடும். நர்ஸ் ஒரு தலையணையை அதற்கு முட்டுக்கொடுத்தார். அடுத்து வந்தவர் இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை எடுத்துக் கீழே வைத்தார்.

சர்ஜன் வெட்டுக்கத்தியைப் போலவே சுருக்கமாகப் பேசுகிறவர். எங்கே என்று சொல்லுங்கள், திறக்கிறேன். எங்கே என்று தெரியாமல் கழுத்திலிருந்து தொடைவரைக்கும் திறந்து தேட முடியாது, அதை இவர் தாங்கமாட்டார் என்றார். நான்கு மருத்துவர்களும் ஒருவர் சொன்னதை ஒருவர் மிகுந்த மரியாதையோடு மறுத்தார்கள். பேராசிரியருக்குக் கட்டிலருகே போகவே பயமாக இருந்தது. கைவைத்தால் எதற்குப் பயப்படுகிறாரோ அது அங்கே வந்துவிடும். அவர் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருந்தார். இன்றைக்குள் இடம் தெரியவில்லை என்றால் பிழைப்பது கஷ்டம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, லிஃப்ட்காரரின் மனைவிக்கும்.

அந்த அம்மாள் தியேட்டருக்கு லீவு சொல்லிவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தவர்களையெல்லாம், 'முடியாது, தூங்கறாரு' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். மருத்துவர்களைத் திருப்பி அனுப்பத்தான் அவருக்குத் துணிவில்லை. கடைசியில் எழுந்து பேராசிரியரின் அறைக்குப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் கேட்ட கேள்விகளிலேயே உருப்படியான கேள்வியை அன்றுதான் கேட்டார்: "இவரைத் தொட்டுப் பாத்து ஒண்ணுமே கண்டுபிடிக்காதவங்க யாராவது உங்க காலேஜ்ல இருக்காங்களா?"

பேராசிரியர் மேசையிலிருந்த மதிப்பெண் நோட்டைத் திறந்தார். பிறகு, தாம் இரண்டு தடவை தோற்கடித்தவளைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

லிஃப்ட் ஓடாததால் அவள் படியேறி வந்தாள். படியில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் ஆளுக்கொன்று சொல்லி அனுப்பினார்கள்: நுரையீரலாம், கல்லீரலாம், நாளைவரை தாங்காதாம். வார்டுக்குள் அப்போது பிற்பகல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவள் வலப்பக்கம் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டாள். ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள். அதுக்கென்ன என்றார் அவர். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அவள் வயிற்றின்மேல் கையை வைத்தாள். வைத்த மாத்திரத்தில் கல்லீரல் அவள் விரலை நோக்கி வரத் தொடங்கியது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கு அவர்மேல் பாசம் இருந்தது. அவர் பிழைக்க வேண்டும் என்று இருந்தது. எதையாவது கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று இருந்தது. ஒன்றும் தேடாமல் இருப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வித்தை, அது அன்றைக்கு அவளைக் கைவிட்டது. கையை எடுத்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

முதல்நாள் வகுப்பில் பேராசிரியர் ஒன்று சொல்லிக்கொடுப்பார். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நில், முதலில் கண்ணால் பார், தொடும்போதும் வயிற்றைப் பார்க்காதே, முகத்தைப் பார் என்பார். எல்லாரும் எழுதி வைத்துக்கொள்வார்கள், தேர்வில் ஒருவரும் செய்யமாட்டார்கள். செய்தால் நேரம் போய்விடும். அவள் இப்போது கால்மாட்டுக்குப் போனாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் வலது முழங்காலை மடித்திருப்பதைப் பார்த்தாள். நீட்டச் சொல்ல யாரும் இல்லாததால் அது அப்படியே இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். அது சிரித்துக்கொண்டிருந்தது. இவள் எதைக் கேட்டாலும் கொடுக்கத் தயாராக இருக்கும் சிரிப்பு.

"அண்ணா, எங்க வலிக்குதுன்னு நான் கேக்கல. உங்க உடம்புல எந்த இடத்தை யாரும் தொட வேண்டாம்னு இருக்கு? அதைச் சொல்லுங்க" என்றாள்.

எங்கே வேண்டுமானாலும் தொட்டுக்கொள்ளும்படியும், அவள் இந்தத் தடவை பாஸாக வேண்டும் என்றும் அவர் முனகினார். இது பரீட்சை இல்லை என்றாள் அவள். அவர் உதட்டை அசைத்தார். பழைய சொல்லே அங்கே வந்து நின்றது. அப்போது மனைவி அவருடைய இடதுகையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்காக எத்தனையோ தடவை நான் முடியாதுன்னு சொல்லியிருக்கேன். இதை மட்டும் என்னால சொல்ல முடியலைங்க. எங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. அது இல்லாமல் அவர் முகத்தை அந்த அம்மாளே அன்றுதான் பார்த்தார். வேறு யாரோ ஒரு மனிதர், களைத்துப்போனவர், பயந்துபோனவர், அந்தக் கட்டிலில் படுத்திருந்தார். அவருடைய வலதுகை போர்வைக்கு அடியில் நகர்ந்து, இடுப்பைச் சுற்றிப் பின்னால் போய், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நின்றது.

"இங்க வேண்டாம்" என்றார்.

மல்லாக்கவே படுக்கவைத்துப் பார்த்தவர்கள் யாருடைய கையும் போகாத இடம் அது. அவள் அதைத் தொடவில்லை. காலை நீட்டட்டுமா என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றார். இரண்டாம் தடவை அது கொஞ்சம் சுலபமாகவே வந்தது. ரத்தம் எடுக்க ஊசியோடு வந்து நின்றவரிடம், அவர் வாயைத் திறக்குமுன்னே, "இப்ப வேண்டாங்க" என்றார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் பாதி சிரிப்பும் இருந்தது.

அவள் வெளியே வந்து சர்ஜனிடம் சொன்னாள். குடலுக்குப் பின்னால், தொடையை மடக்கும் தசைமேல் ஏதோ உட்கார்ந்திருக்கிறது. காலை நீட்டினால் அந்தத் தசை இழுபடுகிறது, அதனால்தான் முழங்காலை மடித்தே வைத்திருக்கிறார். குடல்வால் பின்பக்கமாக மடங்கிச் சீழ் பிடித்திருக்கலாம் என்றாள். நீ தொட்டுப் பார்த்தாயா என்று கேட்டார் சர்ஜன். இல்லை என்றாள். இரண்டு தடவை தோற்ற பெண் தொடாமலே சொல்கிறாள் என்று நெஞ்சு மருத்துவர் தொண்டையைச் செருமினார். சர்ஜன் தாமே பார்த்துவிடலாம் என்று உள்ளே போய்க் கையை நீட்டினார். லிஃப்ட்காரர், "வேண்டாங்க" என்றார். நோயாளி மறுத்துப் பேசிக் கேட்டுப் பழக்கமில்லாத சர்ஜனின் கை பாதிவழியில் நின்று, தானாகப் பைக்குள் போனது. அதற்குள் பேராசிரியர் வந்து கால்மாட்டில் நின்றிருந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். முழங்காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பத்து வருஷமாக இதே ஆளைக் கட்டிலில் படுக்கவைத்துப் பாடம் நடத்தியவர் அவர். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "இந்தப் பொண்ணு சொன்ன இடத்துல திறங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். அந்தக் குரல் எப்போதும்போல மேல்தளம்வரை கேட்டது. அங்கே ஆபரேஷன் அறையில் விளக்கைப் போட்டார்கள்.

லிஃப்டை இயக்க ஆளில்லை. தள்ளுகட்டிலை உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தியதும் அது தானாகக் கிளம்பியது. ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்றார்கள். லிஃப்ட் ஒருவருக்காகவும் நிற்காமல் நேரே நான்காம் மாடிக்குப் போய் நின்றது. லிஃப்ட்காரர் கை காட்டிய இடத்தில் சர்ஜன் திறந்தார். குடல்வால் பின்பக்கம் மடங்கிக் கிடந்தது, ஒரு கிண்ணம் சீழ் இருந்தது. நாளைக்கு விட்டிருந்தால் உடைந்திருக்கும் என்று வெளியே வந்து சொன்னார். மற்ற உறுப்புகளெல்லாம் அதனதன் இடத்தில், புத்தகத்தில் போட்டிருப்பதைப்போல இருந்தன என்றும் சொன்னார். நான்கு மருத்துவர்களும் அதைக் கேட்டுக்கொண்டு அவரவர் வார்டுக்குப் போனார்கள்.

லிஃப்ட்காரர் வீட்டுக்குத் திரும்பிய வாரம் பக்கத்து வீட்டுக்காரர், சரியாக மேட்னி நேரமாகப் பார்த்து, ஏணி கேட்டு வந்தார். லீவு முடியாததால் மனைவி வீட்டில்தான் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. "இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு எடுத்துக்கங்க" என்று லிஃப்ட்காரர் சொல்வதைக் கேட்டு, அந்த அம்மாள் கையில் கரண்டியோடு வெளியே வந்து, சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் உள்ளே போனார். வீட்டில் சொல்ல வேண்டிய முடியாதுகள் இப்படிப் பங்காகிப் போனதில் அவருக்கு மனசு லேசானது. அம்மாள் வேலைக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, தியேட்டர் நிரம்பி வழிந்த நேரத்தில், குழந்தையோடு வந்த ஒரு தம்பதி ஒரு டிக்கெட் குறைகிறதென்று ஓட்டை வழியாகக் கெஞ்சினார்கள். அம்மாள் யோசிக்காமல், "இருக்கு" என்று சொல்லிவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தபோது கடைசி வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலி கூடுதலாக இருந்தது, மற்றவற்றைப்போலவே தரையில் திருகப்பட்டு, அதே அளவு நைந்த மெத்தையோடு. மேனேஜர் அதற்கு ஒரு எண் எழுதச் சொன்னார்.

அடுத்த தேர்வில் மூன்றாம் எண் கட்டில் மறுபடி அவளுக்கே விழுந்தது. லிஃப்ட்காரர் சட்டையைக் கழற்றி மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். தழும்பு வெளிறிப்போயிருந்தது. அவள் கால்மாட்டில் நின்று பார்த்தாள், வலப்பக்கம் வந்தாள், கைகளைத் தேய்த்துக்கொண்டாள், எங்கேயாவது தொட வேண்டாமா என்று கேட்டாள். "இங்க வேண்டாம் டாக்டரம்மா" என்று அவர் தழும்பைக் காட்டினார். அங்கே வலி போய் மாதக்கணக்கில் ஆகியிருந்தது; சொல்லிப் பார்ப்பதில் ஒரு சுகம், அதனால் சொன்னார். அவள் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் பொறுமையாகப் பார்த்தாள். ஆள் பிழைத்துக்கொண்டதால் அவளுக்கு அவரிடமிருந்து வேண்டியது எதுவும் இல்லை. "ஒண்ணுமில்ல மேடம், நல்லா இருக்காரு" என்றாள்.

பேராசிரியர் கட்டிலருகே வந்தார். அவரும் முதலில் கேட்டார், அவருக்கும் தழும்பைக் காட்டி வேண்டாம் என்றார் லிஃப்ட்காரர். பேராசிரியர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வயிற்றில் கைவைத்தார். கல்லீரல் விலாவுக்கு உள்ளே இருந்தது. மண்ணீரல் தட்டுப்படவில்லை. இதயத்தின் நுனி ஐந்தாவது விலா இடையில், தட்ட வேண்டிய இடத்தில் தட்டியது. முப்பது வருஷத்தில் முதல்தடவையாக அவர் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவர் கையை உடனே எடுக்கவில்லை. அந்த மூச்சு ஏறி இறங்குவதை இன்னும் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு அவளைப் பார்த்து, "ஆமா, நல்லா இருக்காரு. நீ போகலாம் டாக்டர்" என்றார்.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனதும் அடுத்த மாணவன் உள்ளே வந்தான். சட்டையெல்லாம் வேர்த்திருந்தது. மூணாம் நம்பர் மண்ணீரல் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். எங்கே தொட வேண்டாம் என்று அவன் முறையாகக் கேட்டான், லிஃப்ட்காரர் காட்டினார். பிறகு பையனின் முகத்தைப் பார்த்து, அதுக்கென்ன என்று மூச்சை நன்றாக இழுத்தார். மண்ணீரல் இறங்கி வந்தது, இரண்டு விரல்கடை.